ஹெல்மெட்டுக்குள் மதினியின் முகம்

என் அண்ணன் மனைவி வீட்டுக்குள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கேரம் ஆடியதை எங்கள் கல்லியே பார்த்திருக்கிறது. தாராவியில் கல்லி என்றால், எதிரே ஆள் வந்தால் உடம்பைத் திருப்பி வழிவிட வேண்டிய சந்து. கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகச் செய்ய முடிந்த காரியங்கள் அங்கே குறைவு. மே மாதப் புழுக்கத்தில், கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிவிட்டு, பலகைக்கு முன்னால் மதினி நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் என் கை எனக்குச் சொந்தமானது அந்தக் கோடையில்தான். அதற்கான நன்றியை ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மதினி, தாராவியைப் போலத் தமிழர்கள் நெருக்கமாக வாழும் இன்னொரு மும்பைக் குடியிருப்பான சீத்தா கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்கு முன்பு மாவட்டப் போட்டிகளில் கேரம் ஆடியவர். எங்கள் வீட்டுக்கு வந்து, மகள் பிறந்து, அவள் பாலர் பள்ளிக்குப் போகும்வரை பலகை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அந்தச் சமயத்தில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் வேலைக்கு அறிவிப்பு வந்தது. கேரமும் அதில் இருந்தது. நான் எதையும் வரிசை போட்டுப் பார்க்கிறவள் என்பதால் அறிவிப்பை என்னிடம்தான் நீட்டினார். நிபந்தனைகளைப் பிரித்துச் சொன்னேன். பட்டப்படிப்பு வேண்டும், இருந்தது. வயது வரம்பு, அந்த ஆண்டோடு முடிகிறது. அண்மையில் நடந்த மாவட்டப் போட்டி ஒன்றில் கடைசி நான்கு இடங்களுக்குள் வந்த சான்றிதழ், அது இல்லை. பழைய சான்றிதழ்கள் செல்லாது.

விண்ணப்பத் தேதிக்குள் நடக்கவிருந்த மாவட்டப் போட்டி ஒன்றே ஒன்று, செம்பூரில். ஒற்றையர் பிரிவில் ஏற்கெனவே இப்படிப்பட்ட வேலைகளில் இருந்துகொண்டு தினமும் பயிற்சி எடுக்கும் பெரிய ஆட்டக்காரிகள் நிறைந்திருந்தார்கள். இரட்டையரில்தான் இடைவெளி இருந்தது. ஆனால் மதினியின் பழைய ஜோடி கல்யாணமாகிப் புனே போய்விட்டார்.

"ஏட்டி, நீ வாரியா?" என்று அவர் கேட்டபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"மதினி, எனக்கு ஸ்ட்ரைக்கரப் பிடிக்கவே தெரியாது."

"தெரியாண்டாம். நான் சொல்லித் தாரேன். ஆபீஸ் விட்டு வந்தா போனத்தான நோண்டிக்கிட்டு இருக்க."

"வேலை ஒங்களுக்கு. தோத்தா நான் கெடுத்தேன்னு ஆயிரும்."

"அப்ப கெடுக்காம இரு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலு மணிக்கு ஒக்காந்து டீ குடிக்க மாதிரி ஒரு மேசையும் நாற்காலியும் எனக்கு வேணும்ட்டி. அதுல எம் பேரு எழுதியிருக்கணும். அவ்ளோதான்," என்றார்.

கையைக் கழுவிவிட்டு வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை இழுத்தேன்.

எங்கள் கல்லியில் கேரம் கற்பது எப்படி என்று சொல்ல வேண்டும். ஒரு பிளாஸ்டிக் டிரம்மின் மேல் பலகை, அதற்கு மேல் ஒரு பல்பு. ஆடுகிறவர்கள் நான்கு பேர். சுற்றி நிற்பவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. முறைக்குக் காத்திருப்பவர், பால் வாங்கப் போகிற வழியில் நின்றவர், மாடிப்படியில் உட்கார்ந்திருப்பவர் எல்லோருக்கும் கருத்து உண்டு. காய் ஓடி நிற்பதற்குள், "தடியா அடிச்சுட்டான்", "அரே யார், ஹாத் சீதா ரக்", "நக்கோ, நக்கோ, கட் அடி" என்று தமிழும் இந்தியும் மராத்தியுமாக ஏழெட்டுக் குரல்கள் வந்து விழும்; கையை நேரே வை, அது வேண்டாம், ஓரத்தில் வெட்டி அடி என்பார்கள். அதை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை. வாய் பேசாமல் பக்கத்தில் நிற்பதுதான் மரியாதைக் குறைவு. தாராவியிலும் அப்படித்தான், சீத்தா கேம்ப்பிலும் அப்படித்தான்.

மதினி எனக்குச் சொல்லித் தந்ததும் அதே முறையில்தான். பலகையை வீட்டுக்குள் போட்டோம். இரட்டையரில் ஜோடி உட்கார வேண்டிய எதிர்ப்பக்கத்தில் மதினி உட்கார்ந்தார். ஒவ்வொரு அடிக்கும் முன்பு ஒரு சொல், பின்பு ஒரு சொல். முழங்கை ஒட்டுது. விரல் நடுங்குது. மணிக்கட்டப் பூட்டாத. மூச்ச விடு. இப்ப தடி. இப்ப மெலிசு. 'தடி' என்றால் காயில் அதிகமாகப் பட்டது, 'மெலிசு' என்றால் ஓரத்தில் மட்டும் உரசியது. காய் குழிக்குப் போகாமல் விலகுவதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றால்தான். அவர் சொல்லச் சொல்ல நான் திருத்தினேன். சில வாரங்களில் கஷ்டமான கட் அடிகள்கூட விழ ஆரம்பித்தன. அண்ணன் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "பரவால்லியே, எந் தங்கச்சிக்கு வெரலு இருக்கு," என்றார். எங்கள் அறைக்குள் நான் நன்றாகத்தான் ஆடினேன்.

மாதுங்காவில் ஒரு சங்கக் கட்டடத்தின் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிப் போட்டி நடக்கும். செம்பூருக்கு முன்பு ஒரு தடவை முறையான ஆட்டம் ஆடிப் பார்க்கலாம் என்று போனோம். நுழைந்ததும் எனக்கு முதலில் பட்டது அந்த அமைதி. வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றையும் சுற்றி நான்கு பேர், மின்விசிறிச் சத்தம், காய் மோதும் சத்தம். வேறொன்றும் இல்லை. ஆட்டத்தின் நடுவில் ஜோடிகள் பேசிக்கொள்ளக் கூடாது, சைகை காட்டக் கூடாது என்பது விதி. எனக்கு அது தெரியும். தெரிந்திருப்பது வேறு, அந்த அமைதிக்குள் உட்கார்ந்து அடிப்பது வேறு.

எதிரணியில் இரண்டு கல்லூரி மாணவிகள். நான் முதல் காயை அடித்தேன், தவறியது. நிமிர்ந்து மதினியின் முகத்தைப் பார்த்தேன். அடுத்ததும் தவறியது. மறுபடி முகத்தைப் பார்த்தேன். நடுவராக உட்கார்ந்திருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பென்சிலால் மேசையை மெல்லத் தட்டினார்.

"கொழந்தே, பலகை இங்க இருக்கு. அங்க என்னத்தைப் பார்த்துண்டிருக்கே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மதினி பக்கம் திரும்பினார். "பேசப்படாதுன்னா கண்ணாலயும் பேசப்படாது. இது வார்னிங், கேட்டேளா?"

மதினி நிஜமாகவே திகைத்துப்போனார். தான் எதுவும் பேசியதாக அவருக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. தோற்றதில் எனக்கு வியப்பில்லை; எப்படித் தோற்றோம் என்பதை அந்த மாணவிகளில் ஒருத்தி பையை மாட்டிக்கொண்டே சிரித்தபடி என்னிடம் சொன்னதுதான் சுருக்கென்றது.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்கோ. எந்தக் காயை அடிக்கணும்னு உங்க பார்ட்னர் கண்ணு முதல்லயே காமிச்சுடறது. நாங்க அதைப் பார்த்துத்தான் அடைச்சோம்."

மாதுங்காவிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி வழி வந்ததும் மதினி நின்றார்.

"நான் அப்படி என்ன மூஞ்சிட்டி காட்டுனேன்?"

"வலது புருவத்தத் தூக்குனியன்னா தடி. கீழ் உதட்டக் கடிச்சியன்னா மெலிசு. கண்ண அகல முழிச்சா அடிக்காத, வேற காய் பாருன்னு அர்த்தம்."

"அடிப்பாவி. எம் மூஞ்சியவா இத்தன நாளா படிச்ச?"

"அதத்தான் படிச்சிருக்கேன் போல. அடிச்ச காய் எங்க போச்சுன்னு நான் பாக்கவே இல்ல மதினி. ஒங்க மூஞ்சிதான் போச்சு வந்துச்சுன்னு இருந்துருக்கு."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கருவியியல் படித்தவள். செம்பூர்ப் பக்கம் ஓர் ஆலையில் குழாய்களின் வால்வுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வால்வுக்கு அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கருவி சொல்லிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கூடினால் மூடும், குறைந்தால் திறக்கும். ஒவ்வொரு சின்ன ஏற்ற இறக்கத்துக்கும் உடனே திருத்தச் சொன்னால், வால்வு ஓரிடத்தில் நிற்காது. திறந்து மூடி, திறந்து மூடி ஆடிக்கொண்டே இருக்கும். அப்போது நாங்கள் செய்வது, திருத்தம் வருகிற வேகத்தைக் குறைப்பதுதான். இதை வாரா வாரம் செய்கிறவள், என் கையிலேயே அது நடந்ததைக் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் மதினியோடு உட்கார்ந்து, அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளை எல்லாம் வரிசைப்படுத்தினேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "எல்லாத்துக்கும் ஒனக்கு ஒரு லிஸ்ட்டு," என்று சொல்லிக்கொண்டே அவரும் எடுத்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் அவை இரண்டு வகையாகத்தான் இருந்தன. ஒன்று, என் உடம்பைப் பற்றியவை: முழங்கை, விரல், மணிக்கட்டு, மூச்சு. இன்னொன்று, பலகையைப் பற்றியவை: காயின் இந்த ஓரத்தைப் பார், பலகையின் ஓரச் சட்டமான சுவரில் இந்த இடத்தில் தொடணும், குழியின் அந்தப் பக்க விளிம்புக்கு அனுப்பு. முதல் வகையைக் கேட்டதும் நான் விரலைக் கவனிக்கத் தொடங்குவேன்; விரல் இன்னும் விறைத்துக்கொள்ளும். இரண்டாவது வகையைக் கேட்டால் விரல் தானே தன் வேலையைச் செய்தது.

"அப்ப ஒன் முழங்கை ஒட்டுனா நான் சொல்லக் கூடாதா?"

"காய்க்கு எங்க படணும்னு சொல்லுங்க மதினி. முழங்கை தானா வெலகிரும்."

"ஒலகத்துல இல்லாத கோச்சிங்கா இருக்கு," என்றார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். இன்னொன்றும் பேசிவைத்தோம். நான் கேட்டால் மட்டும் அவர் சொல்ல வேண்டும். கேட்பதற்கு முன் என்ன நடந்தது என்று நான் என் வாயால் சொல்லியாக வேண்டும்.

வாய் நின்றது. முகம் நிற்கவில்லை. அது மதினியின் கையில் இல்லை. காய் ஓடும்போதே புருவம் போய்விடும். கொரோனாக் காலத்து மாஸ்க் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிப் பார்த்தார். உதடு மறைந்தது, கண் மறையவில்லை. கறுப்புக் கண்ணாடி எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை. இப்படி விழித்துக்கொண்டிருந்தபோது, உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கும் அண்ணன், பைக்கை கல்லி முனையில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். கண்ணாடி இறக்கியிருந்தது. களைப்பா, கோபமா, பசியா, ஒன்றும் தெரியவில்லை. நானும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஏங்க, அதக் கழத்துங்க."

"வீட்டுக்குள்ள வந்தா கழத்தத்தான செய்வேன்."

"கழத்தி இங்க தாங்க."

அன்றிலிருந்து அண்ணனின் ஓய்வு நேரம் ஹெல்மெட்டின் வேலை நேரமாயிற்று. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "என்ன, கேரம் போர்டும் லைசென்ஸ் கேக்குதா?" என்பார். "சிக்னல் விழுந்துட்டு, எடு எடு," என்று மாடியிலிருந்து ஒரு குரல் வரும். என் அம்மா மட்டும் சிரிக்காமல் மேசை விசிறியை மருமகள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "வெந்துராத தாயி," என்று சொல்லிவிட்டுப் போவார்.

இங்கேதான் நான் நன்றி சொல்ல வேண்டிய இடம் வருகிறது. ஹெல்மெட் வந்ததும் என் ஆட்டம் மோசமானது. கொஞ்சம் அல்ல, பார்க்கச் சகிக்காத அளவுக்கு. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலே விழுந்த காய்களெல்லாம் விலகின. செம்பூர்ப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது யாருடைய வேலை, யாருடைய மேசை நாற்காலி என்று எனக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் வரிசையாகத் தவறவிட்ட பிறகு மதினி கண்ணாடியில் கை வைத்தார்.

"தூக்கிரட்டாட்டி?" என்றார். குரல் உள்ளேயிருந்து அடைத்து வந்தது.

தூக்கினால் அன்றைக்கே நான் நன்றாக ஆடியிருப்பேன். அவருக்கும் அது தெரியும். எனக்கும் அவர் தூக்கிவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரி, அடி," என்றார்.

தன் வாய்ப்பு தன் கண்ணெதிரே குழி தவறிப் போவதைப் பார்த்துக்கொண்டு, என்ன தவறு என்று தெரிந்தும் சொல்லாமல், வியர்வை வழிய ஒருவர் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். சொல்லித் தருவதற்குப் பிரியம் போதும். சொல்லாமல் இருப்பதற்கு அவரிடம் இருந்தது அதைவிடப் பெரியது. அதற்கு எனக்குச் சரியான பெயர் தெரியவில்லை.

பார்க்க முகம் இல்லாதபோது, நான் காயைப் பார்க்க ஆரம்பித்தேன். காய் எங்கே நின்றது, ஸ்ட்ரைக்கர் எந்தப் பக்கம் திரும்பியது, மோதிய சத்தம் கனமா மெல்லியதா. இவ்வளவு காலமும் பலகை எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"தடியா பட்டுச்சு. சரியா?" என்று கேட்பேன்.

முதலில், "இல்ல, மெலிசு," என்று பதில் வரும். நாள் போகப் போக, "சரி" என்பது கூடியது. பிறகு நான் கேட்பதே குறைந்தது. கேட்டாலும், விழுந்த காய்க்குத்தான் அதிகம் கேட்டேன். மதினிக்கு அது புரியவில்லை.

"நல்லாத்தான அடிச்ச? அதுல என்னத்தக் கேக்க?"

"ஏன் விழுந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான மதினி மறுபடியும் விழ வைக்க முடியும்."

ஹெல்மெட் கொஞ்ச நேரம் யோசித்தது. "சுவர்ல தொட வேண்டிய எடத்த மொதல்லயே பாத்துட்ட. அதான்," என்றது.

செம்பூருக்கு ஹெல்மெட் வரவில்லை. அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது, "ரெண்டு பேரும் பாத்து வண்டி ஓட்டுங்க," என்றார்.

முதல் இரண்டு சுற்றுகளை மதினியே ஜெயித்தார் என்று சொல்ல வேண்டும். நான் பெரிய தவறு செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதில் ஜெயித்தால் கடைசி நான்கு. எதிரணி நல்ல ஜோடி. மாதுங்காவில் எங்களை எச்சரித்த அதே பெரியவர் இங்கும் நடுவராக வந்து உட்கார்ந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டவர்போல மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

ஆளுக்கொரு கேம் ஆகி, மூன்றாவது கேமின் கடைசிப் பலகை, அதாவது கடைசித் தடவையாக அடுக்கிய காய்கள். சிவப்புக் காய் கணக்கு முன்பே தீர்ந்துவிட்டது. எங்களுக்கு ஒரு வெள்ளைதான் பாக்கி. அவர்களுக்கு ஒரு கறுப்பு, எதிர்ப்பக்கக் குழியின் வாயிலேயே நின்றது. எனக்கு அடுத்து அடிக்கிறவள் அதைத் தொட்டாலே விழும். எங்கள் வெள்ளை அதே பக்கத்தில், மதினி பக்கத்துச் சுவருக்குச் சற்று முன்னால். நேரே அனுப்பினால் கறுப்பை நானே தள்ளிவிடுவேன். ஒரே வழி, வெள்ளையை அந்தச் சுவரில் மோதவிட்டு, திரும்பி என் பக்கத்துக் குழிக்கு வர வைப்பது. சற்று முன்பு அதே மாதிரி ஒன்றை அடித்துத் தவறவிட்டிருந்தேன். அது தடியாகப் பட்டது, சத்தத்திலேயே தெரிந்தது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்கவும் ஆளில்லை.

சுவரில் தொட வேண்டிய இடத்தைப் பார்த்தேன். முன்பைவிட ஒரு நூல் மெலிசாக. அடித்தேன். வெள்ளை சுவரைத் தொட்டுத் திரும்பி, பலகை முழுவதையும் குறுக்கே கடந்து, அவசரமே இல்லாமல் வந்து என் இடது குழியில் விழுந்தது. அது விழும்வரை நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் நிமிர்ந்து மதினியைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் இல்லாத இடத்தில் அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

"விழுந்துட்டா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"விழுந்துட்டு மதினி."

நடுவர் புள்ளிகளைக் குறித்துக்கொண்டே, "இன்னிக்கு பலகையைப் பார்த்து ஆடினே," என்றார். அவருடைய அந்த எச்சரிக்கை இல்லாவிட்டால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

அடுத்த சுற்றில் சுருண்டு போனோம். ஆனால் சான்றிதழ் கிடைத்தது. மதினி விண்ணப்பித்தார், அலுவலகத்தின் தேர்வு ஆட்டத்தில் தனியாக ஆடினார், வேலையும் வந்தது. மேசையில் பெயர்ப் பலகை வைக்கிற வழக்கம் அங்கே எழுத்தர்களுக்குக் கிடையாதாம். "அடையாள அட்டையில இருக்குல்லா, அது போதும்," என்று அதை வீட்டுக்குள்ளும் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார். நாலு மணி டீ மட்டும் உண்மை. முதல் வாரம் முழுவதும் தினமும் நாலு மணிக்கு எனக்கு ஒரு டீக் கோப்பையின் படம் வரும்.

இப்போது அவருக்கு அலுவலக அணியில் என்னைவிடப் பல மடங்கு தேர்ந்த ஜோடி இருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லியில் ஆடுகிறேன். சுற்றி நின்று கத்துகிறவர்களின் குரல் எனக்கு இப்போது இதமாகவே இருக்கிறது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடிகிறது. ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வால்வைத் திறந்து மூடப் பழகும்போது, பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதெல்லாம் தெரிகிறது.

போன மாதம் மதினியின் ஆட்டம் ஒன்றைப் பார்க்கச் செம்பூருக்குப் போனேன். நல்ல ஆட்டம். முடிந்ததும் விரலெல்லாம் பவுடரோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"எங்கனட்டி இருந்த? ஆளையே காணோம்."

"ஒங்க முதுகுக்குப் பின்னாலதான் இருந்தேன்."

"ஏன், முன்னால எடம் இல்லியா?"

"நெறைய இருந்துச்சு மதினி," என்றேன்.